‘அன்பின் பேரில்’ எழுதிக் கொடுத்த வீடு: அம்மாவால் திரும்பப் பெற முடியுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 72 வயது. அப்பா மில்லில் வேலை பார்த்து 1994-ல் தன் பெயரில் ஒரு வீடு வாங்கினார். 2014-ல் இறந்துவிட்டார். உயில் எதுவும் எழுதவில்லை. பிறகு பட்டாவை அம்மா பெயருக்கு மாற்றிக்கொண்டோம். 2019-ல் அம்மா முழு வீட்டையும் என் தம்பி பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டார். இரண்டு வருஷம் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டான். இப்போது முன்பக்கத்தை வாடகைக்கு விட்டுவிட்டு, அம்மாவைப் பின்னால் உள்ள ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட அறைக்கு அனுப்பிவிட்டான். சுகர் மாத்திரைகூட நான்தான் வாங்கிக் கொடுக்கிறேன். பத்திரத்தை ரத்து செய்யப் போனால், ‘ஒருதலைப்பட்சமாக ரத்து செய்ய முடியாது’ என்கிறார் சார்பதிவாளர். ‘அம்மாவைக் கவனிக்க வேண்டும்’ என்ற நிபந்தனையும் பத்திரத்தில் இல்லை. வழி உண்டா? இதற்கிடையில், பேங்க் கடனுக்காக நான் ஒரு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், போட்டால் அம்மாவை நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறான் தம்பி. போடலாமா?
(வாசகி, திண்டுக்கல் மாவட்டம்)

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். போடாதீர்கள். அம்மாவின் விஷயம் முடியும்வரை எந்தப் பத்திரத்திலும், ஸ்டாம்ப் பேப்பரிலும், வெள்ளைத்தாளிலும் கையெழுத்து வேண்டாம்.

ஏன் உங்கள் கையெழுத்தைக் கேட்கிறார்கள் என்று யோசித்தீர்களா? வீடு முழுக்கத் தம்பிக்கு வந்துவிட்டது என்றால் அக்காவின் கையெழுத்து பேங்க்குக்கு எதற்கு? அந்த பேங்க்கின் வக்கீல் மூலப் பத்திரத்தைப் பார்த்திருப்பார். 1994-ல் வாங்கியவர் உங்கள் அப்பா. அவர் உயில் எழுதாமல் இறந்ததும் இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ன்படி அந்த வீடு மனைவி, மகன், மகள் மூவருக்கும் சம பங்காகப் போய்விட்டது. மூன்றில் ஒன்று உங்களுடையது. (அப்பாவின் தாயார் 2014-ல் உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. அப்போது கணக்கு நான்காகும்.) கல்யாணமாகிப் போன பெண், சீர் வாங்கிக்கொண்ட பெண் என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது. நீங்கள் கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் சட்டம் வேறு. ஆனால் ஒரு மனைவி, இரண்டு பிள்ளைகள் என்ற உங்கள் கணக்குக்கு அங்கேயும் மூன்றில் ஒன்றுதான் வரும். முஸ்லிம் குடும்பம் என்றால் பங்கு விகிதம் மாறும்.

‘பட்டா அம்மா பெயரில்தானே இருந்தது?’ என்பீர்கள். என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். பட்டா என்பது வருவாய்த் துறையின் பதிவு. அது உரிமையை உண்டாக்குவதும் இல்லை, அழிப்பதும் இல்லை. பட்டா மாற்றத்துக்காக நீங்களும் தம்பியும் ‘ஆட்சேபணை இல்லை’ என்று எழுதிக் கொடுத்திருந்தாலும் உங்கள் பங்கு கைமாறிவிடாது. அசையாச் சொத்தில் பங்கை விட்டுக்கொடுக்க, பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும். நீங்கள் இதுவரை எழுதாத, இப்போது தம்பி எழுதித் தரச் சொல்கிற பத்திரம் அதுதான்.

ஆக, 2019-ல் அம்மா ‘முழு வீட்டையும்’ எழுதிக் கொடுத்ததாகப் பத்திரம் சொன்னாலும், அவரிடம் இருந்த மூன்றில் ஒரு பங்கு மட்டுமே தம்பிக்குப் போயிருக்கிறது. தன்னுடையதல்லாததை யாரும் தானம் செய்ய முடியாது. இன்றைய நிலையில் தம்பிக்கு இரண்டு பங்கு, உங்களுக்கு ஒன்று. வருகிற வாடகையிலும் உங்களுக்கு மூன்றில் ஒன்று உண்டு. இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்: பத்திரம் ரத்தானாலும் அம்மாவுக்குத் திரும்பக் கிடைப்பது அந்த ஒரு பங்குதான், முழு வீடு அல்ல.

இனி பத்திரத்துக்கு வருவோம்.

நம் ஊர் செட்டில்மென்ட் பத்திரங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. ‘உன் மீது எனக்குள்ள அன்பின் பேரிலும் பாசத்தின் பேரிலும்’ என்று தொடங்கி, ‘சர்வ சுதந்திர பாத்தியமாய், புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது’ என்று போய், ‘இந்த செட்டில்மென்ட்டை எக்காரணம் கொண்டும் ரத்து செய்ய எனக்கு அதிகாரம் இல்லை’ என்று முடியும். எழுத்தர் கம்ப்யூட்டரில் பெயரையும் சர்வே நம்பரையும் மாற்றிவிட்டு பிரிண்ட் எடுப்பார். கையெழுத்துப் போடுகிற அம்மாக்களில் எத்தனை பேர் அந்தக் கடைசி வரியைப் படித்திருப்பார்கள்?

சார்பதிவாளர் உங்களைத் திருப்பி அனுப்பியது சரிதான். ஒரு காலத்தில் பெற்றோர் தனியாகப் போய் ரத்துப் பத்திரம் பதிவு செய்துவிட்டு வருவார்கள். அதற்குள் மகன் வேறொருவருக்கு விற்றிருப்பான். மூன்று தரப்பும் பத்து வருஷம் கோர்ட்டில் அலைவார்கள். 2022 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, இப்படி ஒருதலையாக எழுதும் ரத்துப் பத்திரத்தைப் பதிவு செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டது. ரத்து செய்யும் உரிமையைப் பத்திரத்திலேயே செல்லுபடியாகும் விதத்தில் வைத்துக்கொண்டவர்கள் மட்டும் விதிவிலக்கு. உங்கள் அம்மா அதில் வரமாட்டார். சிவில் கோர்ட்டில் ரத்து கேட்டு வழக்குப் போடலாம் என்று யாராவது சொன்னால், அதற்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து மூன்று வருஷம்தான் காலக்கெடு. 2019 பத்திரத்துக்கு அந்த வழி ஏறக்குறைய அடைபட்டுவிட்டது.

திறந்திருப்பது, பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ன் 23-ஆம் பிரிவு. 60 வயது நிரம்பியவர், தன் அடிப்படைத் தேவைகளைக் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் கவனிக்கத் தவறினால், அந்தப் பத்திரம் மோசடியாலோ வற்புறுத்தலாலோ எழுதி வாங்கியதாகக் கருதப்பட்டு, தீர்ப்பாயத்தால் செல்லாததாக்கப்படும். தமிழ்நாட்டில் அந்தத் தீர்ப்பாயம் வருவாய்க் கோட்டாட்சியர் (இவரையும் ‘ஆர்டிஓ’ என்றுதான் சொல்வார்கள்). ஆட்டோக்காரரிடம் வெறுமனே ‘ஆர்டிஓ ஆபீஸ்’ என்று சொல்லாதீர்கள், லைசென்ஸ் எடுக்கும் இடத்தில் இறக்கிவிட்டுவிடுவார். என் கட்சிக்காரர் ஒருவருக்கு அப்படித்தான் ஒரு காலைப்பொழுது வீணானது.

‘நிபந்தனையோடு’ என்ற அந்த ஒரு சொல்லில்தான் எல்லாச் சண்டையும். 2022 டிசம்பரில் ஹரியானா வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்ததை நிரூபிக்காவிட்டால் 23-ஆம் பிரிவு பொருந்தாது என்றது. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேச வழக்கில் அதே நீதிமன்றம், இது முதியோருக்கான நலச் சட்டம், தாராளமாகத்தான் பொருள் கொள்ள வேண்டும் என்றது. அந்த வழக்கில் தானப் பத்திரத்துக்குப் புறம்பாக, ‘கடைசிவரை கவனித்துக்கொள்கிறேன்’ என்று மகன் எழுதிக் கொடுத்த காகிதமும் இருந்தது. 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்ற இரு நீதிபதிகள் அமர்வு, நாகப்பட்டினம் வழக்கில் இன்னும் ஒரு படி போனது. அன்பின் பேரில் எழுதிக் கொடுக்கும்போதே கவனிப்பார்கள் என்ற எதிர்பார்ப்பு அதற்குள் அடங்கியிருக்கிறது, வெளிப்படையாக நிபந்தனை எழுதியிருக்க வேண்டியதில்லை என்றது. எழுத்தர் வழக்கம்போல அடித்துக் கொடுத்த ‘அன்பின் பேரிலும் பாசத்தின் பேரிலும்’ இப்போது உங்கள் அம்மாவுக்கு ஆயுதம்.

ஆனாலும் அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். தம்பி தரப்பு 2022 டிசம்பர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் கையில் வைத்திருக்கும். அதனால் 2019-ல் பேசிய பேச்சுக்குத் தடயம் தேடுங்கள். தம்பி அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, குரல் பதிவு, பதிவின்போது சாட்சிக் கையெழுத்துப் போட்ட உறவினர், ‘தன்னைப் பார்த்துக்கொள்வான்னுதான் எழுதிக் கொடுத்தா’ என்று சொல்லக்கூடிய பக்கத்து வீட்டுக்காரர். இரண்டு வருஷம் நன்றாகப் பார்த்துக்கொண்டான் என்றீர்களே, அதுவும் சாட்சியம்தான். அப்படி ஒரு ஏற்பாடு இருந்தது என்பதை அவன் நடத்தையே காட்டுகிறது. அதை மறைக்காமல் மனுவில் எழுதுங்கள்.

மனுவின் மொழி எளிமையாக இருக்கட்டும். ‘கொடுமைப்படுத்துகிறான்’ என்ற பொதுப்பேச்சு கோட்டாட்சியருக்கு எதையும் காட்டாது. ‘சென்ற ஆடியில் என்னைப் பின்னறைக்கு மாற்றினார். அங்கே கழிப்பறை இல்லை. ராத்திரி முன்பக்கக் கதவைப் பூட்டிவிடுகிறார்கள். மூன்று மாதமாக சர்க்கரை மாத்திரையை மகள் வாங்கித் தருகிறாள், பில் இணைத்திருக்கிறேன்’ என்று எழுதினால் அவர் கண்முன் அந்த அறை வரும். விசாரணைக்கு வி.ஏ.ஓ.வோ வருவாய் ஆய்வாளரோ வீட்டுக்கு வருவார்கள். அந்த நாளில் அம்மாவைப் புதுப்புடவை கட்டி முன்கூடத்தில் உட்கார வைக்கும் தம்பிகளை நான் பார்த்திருக்கிறேன். அறையின் போட்டோவை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

வக்கீல் வேண்டியதில்லை. இந்தத் தீர்ப்பாயத்தைச் சட்டமே வக்கீல் இல்லாமல் நடக்கும்படி வகுத்திருக்கிறது. (என் தொழிலுக்கு எதிராக நானே சொல்கிறேன், நம்பலாம்.) கோட்டாட்சியர் அலுவலகத்தில் நேரடியாகவும் கொடுக்கலாம், திங்கட்கிழமை கலெக்டர் அலுவலக மக்கள் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம். எங்கே கொடுத்தாலும் ரசீது வாங்குங்கள். வழி கேட்க 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது. அதே மனுவில் மாதாந்திரப் பராமரிப்புத் தொகையும் கேட்கலாம். சட்டத்தில் அதற்கு உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். நோட்டீஸ் போன 90 நாளில் பராமரிப்பு மனுவை முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் இழுக்கும், மாதமொரு முறை போய்க் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒன்றில் கவனம். மனு அம்மாவின் பெயரில், அம்மாவின் கையெழுத்தோடு போக வேண்டும். அவரால் முடியாத நிலை என்றால் மட்டும் அவர் அதிகாரம் கொடுத்து நீங்கள் போடலாம். உங்கள் மூன்றில் ஒரு பங்குக் கதையை இந்த மனுவில் ஒரு வரிகூட எழுதாதீர்கள். எழுதினால், ‘அக்கா பங்குக்காக அம்மாவைத் தூண்டிவிடுகிறாள்’ என்று தம்பி சொல்வான், கோட்டாட்சியரும் தலையாட்டுவார். பாகப்பிரிவினை சிவில் கோர்ட் விஷயம், அதைத் தனியாக வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று: சட்டத்தில் ‘பிள்ளைகள்’ என்றால் மகளும் சேர்த்திதான். ‘அவளும் பராமரிப்புப் பணம் தரட்டும்’ என்று உங்களையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கத் தம்பியால் முடியும். சேர்த்தால் கோபப்படாதீர்கள். மாத்திரை பில் உங்கள் பெயரில் இருக்கிறதே.

விசாரணைக்கு முன் சமரசத்துக்கு அனுப்புவார்கள். தம்பி ‘நல்லா பார்த்துக்கிறேன் சார்’ என்பான். அதோடு கையெழுத்துப் போட்டுவிட்டு வராதீர்கள். எந்த அறை, மாதம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள், யாருடைய வங்கிக் கணக்கில், வைத்தியச் செலவு யாருடையது என்று எழுத்தில் வரட்டும். அதைக் கோட்டாட்சியரின் உத்தரவாகவே கேளுங்கள்.

பத்திரம் செல்லாது என்று உத்தரவு வந்தால் வேலை முடிந்ததாக நினைத்து வீட்டுக்குப் போகிறவர்கள் நிறைய. உத்தரவு நகலை சார்பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்து, அது வில்லங்கச் சான்றில் ஏறியதைக் கண்ணால் பார்த்துவிட்டு, பட்டா மாற்றத்துக்கும் தாலுகா அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். இந்தச் சட்டத்தில் மேல்முறையீட்டு உரிமை முதியவருக்குத்தான். தம்பி எதிர்க்க வேண்டுமென்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டாக வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு அம்மா. மகள்தான் மனு எழுதி, மகள்தான் அலைந்து, மகள்தான் கோட்டாட்சியர் முன் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள். ‘என்னம்மா வேணும் உங்களுக்கு?’ என்று அவர் கேட்டார். எதிரே நின்ற மகனைப் பார்த்த அம்மா, ‘எம்புள்ள நல்லவந்தான் சாமி, நேரத்துக்குச் சோறு போட்டாப் போதும்’ என்றார். அன்றோடு பத்திரம் ரத்தாகும் பேச்சு முடிந்தது. அதைத் தப்பென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த மகள் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை மூன்றாம் மனிதர் கேட்டார். நீங்கள் மனு எழுதும் முன் ஒரு நாள் அம்மாவிடம் தனியாகக் கேட்டுவிடுங்கள்: அவருக்கு வேண்டியது பங்கா, முன்கூடத்தில் ஒரு கட்டிலும் மாதப் பணமுமா? இரண்டாவதுதான் என்றால் பராமரிப்பு மனு மட்டும் போதும்.

அதுவரை செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பதிவுத் துறை இணையதளத்தில் 1994 முதல் இன்றுவரை வில்லங்கச் சான்று எடுங்கள். 2019-க்குப் பிறகு அடமானமோ கிரய ஒப்பந்தமோ ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். தம்பி விவரம் தெரியாத ஒருவருக்குக் கிரயம் கொடுத்துவிட்டால், பணம் கொடுத்து வாங்கியவர் மேல் இந்தச் சட்டத்தை வீசுவது கடினமாகிவிடும். ஏதாவது ஏறியிருந்தாலோ, ஆள் வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போவதாகத் தெரிந்தாலோ, உங்கள் பங்கை முன்வைத்துப் பாகப்பிரிவினை வழக்கும் இடைக்காலத் தடை மனுவும் உடனே போட வேண்டியிருக்கும். அப்போது மூலப் பத்திரம், 2019 பத்திரத்தின் சான்றிட்ட நகல், அப்பாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று நான்கையும் எடுத்துக்கொண்டு ஒரு சிவில் வக்கீலிடம் போங்கள்.