திரையின் முன் யோசிப்பவர் யார்? (கடிதமும் பதிலும்)

மதிப்பிற்குரிய ஐயா,

நான் நடுநிலை வகுப்புகளுக்குக் கணிதம் கற்பிக்கிறேன். வரும் கல்வியாண்டு முதல் மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு டேப்லெட் தருவதென எங்கள் பள்ளி முடிவெடுத்திருக்கிறது. பயிற்சிக் கணக்குகளை இனி அதில்தான் போட வேண்டுமாம். ஐயம் வந்தால் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டுக்கொள்ளலாமாம். சக ஆசிரியர்களில் சிலர் மகிழ்கிறார்கள், சிலர் அஞ்சுகிறார்கள். எனக்கு இரண்டிலும் நியாயம் இருப்பதாகவே படுகிறது. எதை அளவுகோலாகக் கொண்டு இதை எடைபோடுவது?

கணித ஆசிரியை ஒருவர்

மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கு,

நான் கையாளும் அளவுகோல் ஒன்றுதான். கருவி கையில் இருக்கும் நேரத்தில் யோசிக்கும் வேலையைச் செய்வது மாணவரா, கருவியா என்று பார்ப்பேன்.

துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களைக் கொண்டு கணிதத்தில் நடத்தப்பட்டு, 2025இல் வெளியான ஓர் ஆய்வு உங்கள் பள்ளியின் திட்டத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. கேட்டதற்கெல்லாம் விடை தந்துவிடும் உரையாடல் செயலியைப் பயன்படுத்தியவர்கள், பயிற்சிக் கணக்குகளில் செயலி இல்லாமல் பயின்றவர்களைவிட 48 விழுக்காடு மேலாகச் செய்தார்கள். பின்னர் செயலி இல்லாமல் தேர்வெழுதியபோது, அதைத் தொடாமலே படித்தவர்களைவிட 17 விழுக்காடு பின்தங்கினார்கள். விடையைச் சொல்லாமல், ஆசிரியர்கள் வகுத்த குறிப்புகளை மட்டும் தரும்படி அமைத்த செயலியைப் பயன்படுத்தியவர்களிடம் இந்தச் சரிவு பெரும்பாலும் தென்படவில்லை. என்னை மிகவும் கலங்கவைத்தது வேறொன்று: முதல் குழுவினருக்குத் தாங்கள் குறைவாகக் கற்றிருக்கிறோம் என்பதே தெரியவில்லை. வழி தெரியாமல் விழித்த அந்தச் சில நிமிடங்களில்தான் கணிதம் மனத்தில் பதிகிறது என்பதை நீங்கள் கரும்பலகையின் முன் எத்தனையோ முறை கண்டிருப்பீர்கள்.

இதே அளவுகோல் கருவிகளுக்குச் சார்பாகவும் பேசும். ஏழாம் வகுப்பில் அமர்ந்துகொண்டு நான்காம் வகுப்புக் கணக்கில் தடுமாறும் பிள்ளைக்கு, நாற்பது பேர் உள்ள வகுப்பில் எந்த ஆசிரியரும் தனியாக இறங்கிவந்து நாள்தோறும் கற்பிக்க இயலாது. டெல்லியில் பள்ளி நேரத்துக்குப் பிந்தைய மையங்களில், ஒவ்வொருவரின் நிலையையும் கணித்து அதற்கேற்ற கணக்குகளைத் தரும் மென்பொருளைச் சோதித்தார்கள். ஐந்து மாதங்களுக்குள் கணிதத்திலும் இந்தியிலும் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. அங்கே மாணவர்கள் பாதி நேரத்தைத்தான் மென்பொருளோடு செலவிட்டார்கள், மீதி நேரம் ஓர் உதவி ஆசிரியர் உடனிருந்து கற்பித்தார் என்பதை உங்கள் நிர்வாகத்துக்கு எடுத்துச் சொல்லுங்கள். திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் பார்வையற்ற மாணவருக்குச் செய்யும் உதவியைப் பற்றியோ எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. எழுத்தை அணுகும் வழியை மட்டுமே அது திறந்துவிடுகிறது, யோசிப்பது முழுக்க அவர்தான்.

கருவியைக் கையில் கொடுத்தாலே கற்றல் நடந்துவிடும் என்ற நம்பிக்கை பெரு நாட்டில் பொய்த்திருக்கிறது. அங்கே ஊரகத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு மடிக்கணினி வழங்கிப் பார்த்தபோது, கணிதத்திலும் மொழியிலும் மதிப்பெண் உயரவில்லை என்று 2012இல் வெளியான மதிப்பீடு காட்டியது.

கவனச்சிதறலை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கனடாவில் செய்து 2013இல் வெளியிட்ட ஒரு சோதனையில், பாடவேளையில் மடிக்கணினியில் வேறு வேலைகளையும் பார்த்தவர்கள் குறைவான மதிப்பெண் பெற்றதில் வியப்பில்லை. அவர்களுடைய திரை கண்ணில் படும் இடத்தில் உட்கார்ந்திருந்தவர்களும் குறைவாகவே பெற்றார்கள். ஆகவே, ஒரு மாணவர் திரையில் என்ன பார்க்கிறார் என்பதை அவருடைய சொந்த விருப்பமென்று விட்டுவிட முடியாது.

திட்டத்தை முற்றாக எதிர்க்கும்படி நான் சொல்ல மாட்டேன். இரண்டு கோரிக்கைகளை மட்டும் எழுத்தில் வையுங்கள். செயலி விடையை வெளியிடாதபடியும், குறிப்புகளை நீங்களே வகுக்கும்படியும் அமைத்துத் தர வேண்டும். அது முடியாதென்றால் பயிற்சிக் கணக்குகளுக்கு அதை அனுமதிக்கக் கூடாது. பிள்ளைகளின் பெயர், தவறுகள், பயன்பாட்டு நேரம் ஆகியவை யாரிடம் சேர்கின்றன, எப்போது அழிக்கப்படும் என்பதையும் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும்.

உங்கள் வகுப்பைப் பொறுத்தவரை, டேப்லெட்டில் செய்த பயிற்சியிலிருந்து இரண்டு கணக்குகளை எண்களை மட்டும் மாற்றி, மறுநாள் காலையில் தாளில் போடச் சொல்லுங்கள். ஒரு மாதம் அப்படிச் செய்தால், எந்தப் பிள்ளைக்குக் கருவி உதவுகிறது, யாருக்காக அதுவே கணக்கைப் போட்டுவிடுகிறது என்பது அந்தத் தாள்களில் தெரிந்துவிடும். அவற்றில் கண்டதை எனக்கும் எழுதுங்கள்.