சூர்யகிரண் ஏன் காணாமல் போனது?

கேள்வி: 2024 அக்டோபரில் மெரினாவில் ஒன்பது விமானங்கள் ஒட்டிக்கொண்டு பறந்ததை மொட்டை மாடியிலிருந்து பார்த்தேன். அது விமானப்படையின் சாகசக் குழுவான சூர்யகிரண் என்றார்கள். ‘அதைத்தான் எப்போதோ மூடிவிட்டார்களே’ என்கிறார் என் கணவர். யார் சொல்வது சரி?
– வாசகி, சென்னை

பதில்: இரண்டு பேருமே சரி, சண்டை வேண்டாம்! 2011 பிப்ரவரியில் பெங்களூரு ஏரோ இந்தியா கண்காட்சியோடு நிறுத்தினார்கள். விபத்துகளால்தான் நிறுத்தினார்கள் என்று பலர் நினைக்கிறார்கள், காரணம் அதுவல்ல. 1996-இல் கர்நாடகத்தின் பீதரில் தொடங்கியபோது குழுவுக்குக் கிடைத்தது ஹெச்.ஏ.எல். என்ற அரசு விமான நிறுவனம் தயாரித்த கிரண் என்ற பயிற்சி விமானம். விமானப்படையில் புதிதாகச் சேர்கிறவர்கள் ஓட்டிப் பழகிய தீபக் விமானங்களை 2009-இல் பறக்கவிடாமல் நிறுத்திவிட்டார்கள். அப்புறம் அவர்களுக்கும் கிரண்தான் கதி என்றானது. பையன்கள் பறக்கக் கற்க விமானம் இல்லாதபோது வேடிக்கை காட்ட ஒன்பதை ஒதுக்க முடியுமா? குழுவின் கிரண்களைப் பயிற்சிக்கே கொடுத்துவிட்டார்கள்.

2015-இல் நான்கு ஹாக் விமானங்களோடு மறுபடி தொடங்கி, 2017-இல் பழையபடி ஒன்பது ஆனார்கள். நீங்கள் பார்த்தது இந்த ஹாக். அதுவும் பயிற்சி விமானம்தான், வேகம் மட்டும் கூடுதல்.

இவர்களுக்கு முன்பே, 1982-இல் விமானப்படையின் பொன்விழாவை ஒட்டி, ஹண்டர் போர் விமானங்களோடு தண்டர்போல்ட்ஸ் என்றொரு குழு இருந்தது. ஹண்டர்களுக்கு வயதானதும் அது போய்விட்டது. ஆக, நம் ஊரில் சாகசக் குழுவின் ஆயுளை முடிவு செய்வது கையில் விமானம் இருக்கிறதா என்பதுதான், இது என் கணக்கு.

கீழிருந்து பார்த்தால் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் தெரிகிறதே, நிஜத்திலும் இறக்கைக்கும் இறக்கைக்கும் ஐந்து மீட்டர்கூட இருக்காது, ஒரு கார் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறவர் கண் கடலையும் பார்க்காது, கூட்டத்தையும் பார்க்காது, தலைவரின் விமானத்தின் மேலேயே இருக்கும். அவர் தலைகீழாகப் போனால் இவரும் போக வேண்டியதுதான். 2019 பிப்ரவரியில் பெங்களூரு எலஹங்காவில் நடந்த ஒத்திகையில் இரண்டு ஹாக்குகள் மோதி விங் கமாண்டர் சாஹில் காந்தி இறந்தார். மற்ற இருவர் குதித்துத் தப்பினார்கள்.

வால் பக்கம் வரும் வெள்ளைப் புகையைக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: என்ஜினிலிருந்து வெளியேறும் சூடான காற்றில் டீசலைப் பீய்ச்சினால் வருவது அது.