2500 வெள்ளி கையில இருக்கு, டிஜிட்டல் பியானோவா மிடி கண்ட்ரோலரா?

சுங்கை சிப்புட்லேர்ந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. மகளுக்கு 9 வயசு, பியானோ கிளாஸ் போறா, அடுத்த வருஷம் கிரேட் 1 எடுக்கணும், கோயில் பஜனைக்கும் வாசிக்க ஆசை. "கண்ட்ரோலர் வாங்கி லேப்டாப்புல மாட்டுங்க அத்தை, அதான் மலிவு"ன்னு அண்ணன் மகன் சொல்றானாம்.

அக்கா, புள்ளைக்குக் கண்ட்ரோலர் வேணாம். அது பாக்க கீபோர்டு மாதிரி இருக்கும், ஆனா அதுக்குச் சொந்தமா சத்தமே கெடையாது, எந்தக் கீய எவ்ளோ வேகமா அமுக்கினோம்ங்கற தகவல மட்டும் லேப்டாப்புக்கு அனுப்பும், சத்தம் போடறது சாஃப்ட்வேர். வீட்ல பாட்டு ரெக்கார்ட் பண்றவங்களுக்கு அருமையான சாமான்தான், ஆனா ஸ்கூல் விட்டு டியூஷன் முடிஞ்சு வர்ற புள்ள லேப்டாப்ப தொறந்து ஸ்பீக்கர் மாட்டி சாஃப்ட்வேர் ஏத்திட்டு அப்பறம் பிராக்டிஸ் பண்ணுவாளா? விண்டோஸ்ல ஏசியோ டிரைவர், அதாவது சத்தம் தாமதமாகாம பாத்துக்கற சாஃப்ட்வேர், சரியா அமையலன்னா அமுக்கினதுக்குக் கொஞ்சம் பின்னாடிதான் சத்தம் வரும், தாளமே கெட்டுடும்.

டிஜிட்டல் பியானோவே வாங்குங்க. அதுல நீங்க பாக்க வேண்டியது 88 கீ, ஹேமர் ஆக்‌ஷன், இது ரெண்டுலயும் விட்டுக்கொடுக்காதீங்க. நெஜ பியானோவுல ஒவ்வொரு கீக்கும் ஒரு சுத்தியல் உள்ள கம்பிய அடிக்குது, இடது பக்கம் கனமா இருக்கும், வலது பக்கம் போகப் போக லேசாகும், அந்தக் கனத்த அப்படியே செஞ்சு வச்சிருக்கறதுதான் ஹேமர் ஆக்‌ஷன். பெட்டியில "டச் ரெஸ்பான்ஸ்"னு மட்டும் போட்டிருந்தா அது வேற, அமுக்கற வேகத்துக்குத் தக்க சத்தம் கூடிக் கொறையும், அவ்ளோதான், சின்ன 61 கீ கீபோர்டுலகூட அது இருக்கும், உள்ள வெறும் ஸ்பிரிங்தான். அதுல பழகின வெரல் டீச்சர் வீட்டு பியானோவுல மெதுவா வாசிக்கச் சொன்னா தெணறும், நோட்டே விழாது, பாவம் புள்ள தன்மேலதான் தப்புன்னு நெனச்சுக்கும்.

யமஹா பி-145, ரோலண்ட் எஃப்பி-10, கேசியோ சிடிபி-எஸ்110, இந்த மூணையும் ஈப்போவுல மகளோட போய் தொட்டுப் பாருங்க, அவ படிக்கற பாட்ட ரொம்ப மெதுவா ஒரு தடவ, நல்லா அழுத்தி ஒரு தடவ வாசிக்கட்டும். வெரலுக்கு எனக்குப் புடிச்சது ரோலண்ட். கோயிலுக்கு அடிக்கடி தூக்கணும்னா யமஹா, 11 கிலோ சொச்சம்தான். ஆர்மோனியம், தபேலா ரிதம் எல்லாம் எதிர்பாக்காதீங்க, ஆனா டிரான்ஸ்போஸ் இருக்கு, பாடறவங்க கட்டைக்கு மாத்திக்கலாம், ஹெட்ஃபோன் ஓட்டையிலேர்ந்து கோயில் சவுண்ட் மிக்சருக்கு ஒயர் இழுத்துக்கலாம். அதோட மூணுலயும் யூஎஸ்பி இருக்கு, லேப்டாப்புல மாட்டினா அதுவே கண்ட்ரோலர், உங்க அண்ணன் மகன் ஆசையும் தீந்துடும்.

பரீட்சைக்கு டிஜிட்டல் பியானோ செல்லுமான்னு டீச்சர்கிட்ட முன்னாடியே கேட்டுக்கங்க, ஏபிஆர்எஸ்எம்ங்கற இங்கிலாந்து இசைப் பரீட்சை வாரியத்துல வீடியோ எடுத்து அனுப்பற பெர்ஃபாமன்ஸ் கிரேடுக்கு ஒத்துக்கறாங்க. ஸ்டாண்டுக்கும் நாற்காலிக்கும் கொஞ்சம் காசு ஒதுக்கி வைங்க, ஆடற ஸ்டாண்டுல கை சரியா உக்காராது.

செகண்ட் ஹேண்ட் எடுத்தா எல்லா கீயையும் மெதுவா அமுக்கிப் பாருங்க, ஜப்பான்லேர்ந்து வந்ததா இருந்தா அடாப்டர் 100 வோல்ட்டான்னு பாருங்க, நம்ம ஊரு 230-240 வோல்ட்டுல மாட்டினா போச்சு. சாயங்காலம் இடி இடிக்க ஆரம்பிச்சா சுவிட்ச மட்டும் அடைக்காம பிளக்கையே புடுங்கிடுங்க.