எட்டு அடியிலிருந்து எவ்வளவு இறங்கலாம்? சர்ஃப் போர்டு கேள்வி-பதில்

மே மாதம் கடல் சீராகத் தொடங்கியதும் எனக்கு வரும் கேள்விகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான்: "ஃபோம் போர்டில் நன்றாக நிற்கிறேன், அடுத்து எவ்வளவு சின்ன போர்டு வாங்கலாம்?" ஃபோம் போர்டு என்பது கற்றுக்கொள்பவர்கள் ஓட்டும் மெத்தென்ற பெரிய போர்டு. இந்த முறை வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கோவளத்தில் ஒரு வருடமாக வார இறுதிகளில் சர்ஃபிங் செய்கிறேன். எடை 72 கிலோ. 8 அடி ஃபோம் போர்டில் வசதியாக நிற்க முடிகிறது. நண்பர் தன்னுடைய 5 அடி 10 அங்குல ஷார்ட்போர்டைப் பாதி விலைக்குத் தருகிறார். வாங்கலாமா?
(சென்னை வாசகர்)

வேண்டாம். மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிய ஷார்ட்போர்டுகள் எத்தனையோ வீட்டு மொட்டை மாடியில் வெயில் காய்கின்றன.

அடிக்கணக்கை விட்டு லிட்டருக்கு, அதாவது போர்டின் கன அளவுக்கு வாருங்கள். போர்டின் அடிப்பக்கத்தில் நீளம், அகலம், தடிமன் எழுதியிருக்கும் வரிசையில் கடைசி எண் பெரும்பாலும் அதுதான். உங்களை மிதக்க வைப்பது அந்த எண். உங்கள் 8 அடி ஃபோம் போர்டு ஏறக்குறைய 80 லிட்டர் இருக்கும். நண்பரின் போர்டு 26, 28 லிட்டரைத் தாண்டாது. அதாவது ஒரே தாவலில் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கப் பார்க்கிறீர்கள்.

நான் போடும் கணக்கு இது. வாரம் ஒருமுறை கடலில் இறங்குபவர், இடைநிலையை இப்போதுதான் தொட்டவர் என்றால் எடையை 0.6ஆல் பெருக்குவேன். உங்களுக்கு 43 லிட்டர் வருகிறது. கடையில் அது 7 அடியை ஒட்டிய, நடுத்தர நீளமுள்ள ஃபன்போர்டாகவோ மிட்-லெங்த் போர்டாகவோ இருக்கும். அதில் ஒரு சீசன் போன பிறகு 0.5, அதாவது 36 லிட்டர். போட்டிகளில் ஆடுபவர்கள் தங்கள் எடையில் மூன்றில் ஒரு பங்கு லிட்டரை ஒட்டிய போர்டில் ஆடுகிறார்கள். அவர்கள் நாள்தோறும் கடலில் கிடப்பவர்கள், அந்த எண்ணை நாம் எட்டாமலே போனாலும் ஒன்றும் நஷ்டமில்லை. நாற்பது வயதைத் தாண்டியவர்கள், தோள்வலி உள்ளவர்கள் மேலே சொன்னதோடு மூன்று நான்கு லிட்டர் கூட்டிக்கொள்ளுங்கள்.

அலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். நம் கரைக்குப் பல நாட்கள் வருவது அருகிலேயே காற்று கிளப்பிவிட்ட, அடுத்தடுத்து உடையும் வலுவில்லாத அலை. வீடியோவில் பார்க்கும் மெல்லிய போர்டுகள் ஹவாய், இந்தோனேசியா போன்ற இடங்களின் அலைக்கு ஏற்றவை. அங்கே அலையே ஆளைத் தள்ளிக்கொண்டு போகும். இங்கே பாதி வேலையை உங்கள் கைகள் செய்ய வேண்டும்.

இன்னொன்று: எழுந்து நின்று கரையை நோக்கி நேராக வருவதை நான் சேர்த்துக்கொள்வதில்லை. அலையின் முகத்தில் பக்கவாட்டில் ஓடுகிறீர்களா? ஓடும்போதே கீழே இறக்கி மேலே ஏற்ற முடிகிறதா? யாரும் தள்ளிவிடாமல், யாரும் "இப்போ!" என்று கத்தாமல், எந்த அலை என்று நீங்களே தேர்ந்தெடுக்கிறீர்களா? மூன்றுக்கும் ஆம் என்றால் 7 அடிக்கு வாருங்கள். இல்லையென்றால் ஃபோம் போர்டிலேயே இன்னும் கொஞ்ச நாள், தப்பே இல்லை.

நான் 52 கிலோ. சர்ஃப் ஸ்கூல் அண்ணா 6 அடி 6 அங்குல மிட்-லெங்த் எடுக்கச் சொல்கிறார். தோழியோ 5 அடி 6 அங்குல ஃபிஷ் எடு என்கிறாள். இரண்டுமே 31, 32 லிட்டர்தான். அப்படியென்றால் எது என்பதில் என்ன வித்தியாசம்?
(புதுச்சேரி வாசகி)

லிட்டர் சமமாக இருந்தாலும் அந்த லிட்டர் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது வேறு. நீளமான போர்டு தண்ணீரில் முன்கூட்டியே வழுக்கத் தொடங்கும். அலை செங்குத்தாக நிமிர்வதற்கு முன்பே நீங்கள் ஏறிவிடலாம், எழுந்து நிற்க ஒரு நொடி கூடுதலாகக் கிடைக்கும். குட்டையான ஃபிஷ் சட்டென்று திரும்பும், ஆனால் அலையில் ஏறும் நேரம் தாமதமாகும், எழுவதும் விறுவிறுவென்று நடக்க வேண்டும்.

அகலத்தையும் பாருங்கள். ஃபிஷ் நடுவில் 20, 21 அங்குலம் இருக்கும். குறுகிய தோள் உள்ளவர்கள் அதன் மேல் படுத்தால் கை தண்ணீரில் ஆழமாக இறங்காமல் பக்கவாட்டில் விரிந்துபோகும். அரை மணி நேரத்தில் தோள் கெஞ்சும். வாங்கும் முன் போர்டை மணலில் வைத்துப் படுத்து, இரண்டு பக்கமும் கையைத் துழாவிப் பாருங்கள். ஃபின் (போர்டின் அடியில், வால் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் துடுப்பு) மணலில் அழுந்தி உடையாமல் கீழே கொஞ்சம் பள்ளம் பறித்துக்கொள்ளுங்கள்.

பக்கவாட்டில் பார்த்தால் தெரியும் வளைவுக்கு ராக்கர் என்று பெயர். மூக்கு அதிகம் தூக்கியிருந்தால் செங்குத்தான அலையில் முனை குத்தாது, ஆனால் பேடில் செய்யும்போது, அதாவது படுத்துக் கையால் துழாவிப் போகும்போது, வேகம் குறையும். புதுச்சேரி அலைக்குத் தட்டையான போர்டுதான் நல்லது. உங்கள் அண்ணா சொன்னதையே எடுங்கள்.

ஃபிஷ், ட்வின் ஃபின், த்ரஸ்டர்... கடைக்காரர் சொல்வது எதுவுமே புரியவில்லை.
(மாமல்லபுரம் வாசகர்)

ஃபின் எத்தனை என்பதுதான் அடிப்படை. ஃபிஷ் என்பது 1967 வாக்கில் சான் டியாகோவில் ஸ்டீவ் லிஸ் செய்தது. அவர் செய்தது முட்டி போட்டு ஓட்டும் போர்டு. குட்டை, அகலம், மீன் வால் போல் பிளந்த பின்பகுதி, இரண்டு ஃபின். நின்று ஓட்டுபவர்கள் பிறகு அதைப் பிடித்துக்கொண்டார்கள். ட்வின் ஃபின்னை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியவர் ஆஸ்திரேலியாவின் மார்க் ரிச்சர்ட்ஸ். 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு முறை உலக சாம்பியன். ஆனால் பெரிய அலையில் இரண்டு ஃபின் போர்டின் வால் வழுக்கும். அந்தத் தொல்லைக்குத் தீர்வாக 1980இல் சைமன் ஆண்டர்சன் மூன்று ஃபின் வைத்தார், 1981இல் ஆஸ்திரேலியாவின் பெல்ஸ் பீச் போட்டியில் ராட்சத அலையில் ஜெயித்துக் காட்டினார். அதுதான் த்ரஸ்டர். இன்றைக்கும் பெரும்பாலான ஷார்ட்போர்டுகள் அந்த அமைப்புதான்.

உங்களுக்கு எது? இடுப்பளவு அலையில் ட்வின் ஃபின் ஜாலியாக ஓடும், நீங்களாக வேகத்தை உண்டாக்க வேண்டியதில்லை. ஆனால் திருப்பக் கற்றுக்கொள்ளும் கட்டத்தில் மூன்று ஃபின் பிடிமானம் தரும். ஃபின்னைச் செருகும் பெட்டி ஐந்து உள்ள போர்டு கிடைத்தால் மூன்றாகவும் நான்காகவும் மாற்றிப் பார்க்கலாம். ஃபின் அளவும் எடையைப் பொறுத்தது, 65 முதல் 80 கிலோ வரை மீடியம்.

சின்ன போர்டு வாங்கி மூன்று வாரம். ஒரு அலைகூடப் பிடிபடவில்லை. திருப்பிக் கொடுத்துவிடலாமா?
(சென்னை வாசகர்)

எத்தனை லிட்டர் என்று நீங்கள் எழுதவில்லை. எடையில் பாதிக்கும் குறைவு என்றால் திருப்பிக் கொடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

பாதிக்கு மேல் என்றால் கோளாறு போர்டில் இருக்காது. முதலில் படுக்கும் இடம். பழைய போர்டில் எங்கே படுத்தாலும் அது தாங்கியது. இதில் இரண்டு அங்குலம் பின்னால் போனாலும் மூக்கு வானத்தைப் பார்க்கும், வால் தண்ணீரை இழுக்கும். முனை தண்ணீருக்கு மேலே ஓரிரு அங்குலம் மட்டும் தெரியும்படி படுங்கள். அந்த இடத்தில் உங்கள் முகவாய் எங்கே வருகிறது என்று பார்த்து வேக்ஸில் (வழுக்காமல் இருக்க போர்டின் மேல் தேய்க்கும் மெழுகு) ஒரு கோடு கிழித்து வையுங்கள்.

அடுத்தது உட்காரும் இடம். ஃபோம் போர்டில் நீங்கள் வெளியே, அலை இன்னும் மேடாக இருக்கும் இடத்தில் காத்திருந்தீர்கள். இப்போதும் அங்கேயே உட்கார்ந்தால் அலை உங்களுக்கு அடியில் புகுந்து போய்க்கொண்டே இருக்கும். அது உடையப்போகும் இடத்துக்கு இன்னும் கொஞ்சம் நெருங்கி வாருங்கள். பயமாகத்தான் இருக்கும், முதல் சில நாள் உருட்டி எடுக்கும். அப்புறம் பேடில்: பாதியில் நிறுத்திவிட்டு "ஏறிவிட்டோமா" என்று பார்க்காதீர்கள். அலை தூக்கியதாக உணர்ந்த பிறகும் இரண்டு இழுப்பு.

பழைய ஃபோம் போர்டை மட்டும் விற்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று அடித்துக் கரையோர நீரோட்டம் இழுக்கும் நாட்களில் சின்ன போர்டில் நின்ற இடத்தில் நிற்கவே தெம்பு தீர்ந்துவிடும். அது போன்ற நாளில் ஒன்று பெரிய போர்டு, இல்லையென்றால் வீடு.

எபாக்ஸி போர்டில் விரிசல். எங்கள் குப்பத்தில் ஃபைபர் படகு ஒட்டுபவரிடம் கொடுத்தால் செய்துவிடுவாரா?
(கோவளம் வாசகர்)

வேலையைச் சுத்தமாகத்தான் செய்வார், ஆனால் நீங்கள் சொல்லாவிட்டால் போர்டு காலி. படகுக்கு அவர் பயன்படுத்துவது பாலியஸ்டர் ரெசின். எபாக்ஸி போர்டின் உள்ளே பெரும்பாலும் இபிஎஸ் நுரை, அதாவது பார்சலில் வரும் தெர்மோகோல் வகை. பாலியஸ்டர் ரெசின் பட்டால் அந்த நுரை கரைந்து குழியாகும். "எபாக்ஸி ரெசின் மட்டும்" என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். பியூ போர்டு (உள்ளே பாலியூரித்தேன் நுரை) என்றால் இந்தத் தொல்லை இல்லை, இரண்டு ரெசினும் பிடிக்கும்.

விரிசல் கண்ட நாளே கரையேறிவிடுங்கள். இபிஎஸ் தண்ணீரை உறிஞ்சும். விரிசல் கீழே இருக்கும்படி சாய்த்து வைத்து, சொட்டுவது நின்று நன்றாகக் காய்ந்த பிறகே ஒட்ட வேண்டும். மூடிய காருக்குள் சித்திரை வெயிலில் போர்டை விட்டுப் போனாலும் உள்ளே காற்று விரிந்து மேல் தோல் கழன்று உப்பிவிடும்.

ஜூலையில் அறுகம்பே போகிறேன். 6 அடி போர்டு கொண்டுபோவதா, அங்கேயே வாடகைக்கு எடுப்பதா?
(மட்டக்களப்பு வாசகர்)

வாடகைக்கு எடுங்கள். கச்சான் (தென்மேற்குக்) காற்று காலத்தில் அங்கே தினமும் அலை இருக்கும், கடைகளில் எல்லா அளவும் கிடைக்கும். முதல் நாள் 7 அடி, அடுத்த நாள் 6 அடி 6 என்று இறங்கிக்கொண்டே வந்தால், வாங்கப்போகும் போர்டு எதுவென்று தெரிந்துவிடும். விஸ்கி பாயின்ட், பீனட் ஃபார்ம் இரண்டும் இடைநிலைக்கு ஏற்றவை. மெயின் பாயின்டில் கீழே பாறை, ஜூலையில் கூட்டமும் அதிகம். நல்ல சர்ஃபர்கள் வரிசையில் இருக்கும்போது மிதப்பு குறைந்த போர்டில் உங்களுக்கு அலையே மிஞ்சாது. விடியற்காலையில் போங்கள், காற்று கரையிலிருந்து வீசும், ஆட்களும் குறைவு.

பழைய போர்டு வாங்கும்போது எதைப் பார்ப்பது? லீஷ் எத்தனை அடி?
(திருவள்ளூர் வாசகர்)

மேல்பக்கத்தில் குதிகால் பதிந்த பள்ளங்கள் சகஜம், விடுங்கள். குறுக்காக ஓடும் மடிப்புக் கோடு இருந்தால் அது ஒருமுறை உடையப் பார்த்த போர்டு, வாங்காதீர்கள். கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், தோல் அமுங்கி எழுந்தால் உள்ளே கழன்றிருக்கிறது. ஃபின் பெட்டியைச் சுற்றி முடி போன்ற விரிசல் இருந்தால் தண்ணீர் அங்கிருந்துதான் ஏறும்.

லீஷ், அதாவது போர்டைக் காலோடு கட்டும் கயிறு, போர்டின் நீளம் அளவுக்கு இருந்தால் போதும். வேக்ஸ் வெப்ப மண்டல வகை, 'டிராபிகல்' என்று கேட்டு வாங்குங்கள். மற்றவை நம் வெயிலில் உருகி வழியும்.