400 கணக்குப் போட்டும்…

அன்புள்ள சார்,

கோவையில் பி.இ. முடித்துவிட்டு இரண்டு வருடமாக டெஸ்டிங் வேலையில் இருக்கிறேன். டெவலப்பர் வேலைக்கு மாறப் பார்க்கிறேன். லீட்கோட் என்ற கோடிங் பயிற்சித் தளத்தில் 400 கணக்குக்கு மேல் போட்டாயிற்று. வீட்டில் வருவது இன்டர்வியூவில் வரமாட்டேன் என்கிறது. 45 நிமிட டைமர் ஓடத் தொடங்கியதும் எதையாவது அடிக்க ஆரம்பித்து, பாதியில் அழித்து, மறுபடி ஆரம்பிக்கிறேன். இன்னும் எத்தனை கணக்குப் போட வேண்டும்?

க.

அன்புள்ள க.,

400 தாராளம். 500 ஆக்கினாலும் இதே கதைதான். ‘எதையாவது அடிக்க ஆரம்பித்து’ என்கிறீர்களே, நேரம் போவது அங்கேதான்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். அரே என்கிற எண் வரிசையில் அடுத்தடுத்து வரும் எண்களைக் கூட்டினால், கொடுத்த எண்ணான கே வரும் துண்டுகள் எத்தனை? பார்த்த உடனே கை ஸ்லைடிங் விண்டோவுக்கு, அதாவது ஒரு துண்டை வலப்பக்கம் நீட்டி இடப்பக்கம் சுருக்கி நகர்த்தும் முறைக்குப் போகும். எல்லாமே பாசிட்டிவ் எண்கள் என்றால் சரி. மைனஸ் எண் நுழைந்தால் போச்சு. வலது பக்கம் நீட்டினால் தொகை கூடும் என்ற நம்பிக்கையில்தான் விண்டோ நகர்கிறது. அப்போது ப்ரிஃபிக்ஸ் சம் (முதலிலிருந்து அதுவரையிலான தொகை), ஹாஷ்மேப் (எந்தத் தொகை எத்தனை முறை வந்தது என்ற குறிப்பு) என்று போக வேண்டும். “மைனஸ் வருமா?” என்று கேட்கப் பத்து விநாடி ஆகுமா? கேட்காமல் விட்டால் இருபது நிமிடம் எழுதிய புரோகிராம் கோடு குப்பைக்கு.

அந்த மேப்பில் 0 என்ற தொகையை ஒருமுறை பார்த்ததாக முதலிலேயே போட்டு வைக்க வேண்டும். பலரும் மறக்கும் இடம் இது. எண்கள் 3, 4, கே 7. கையால் ஓட்டிப் பாருங்கள். தொகை 3, அடுத்து 7. ஒவ்வொரு தொகையிலும் கேயைக் கழித்து, மீதி மேப்பில் உண்டா என்று தேட வேண்டும். ஏழில் ஏழு போனால் 0. மேப்பில் 0 இல்லாவிட்டால் விடை 0 என்று வரும், வர வேண்டியதோ 1. ரன் பட்டனே இல்லாமல் வெறும் டாக்குமென்டில் எழுதச் சொல்லும் ரவுண்டில் இந்தப் பழக்கம்தான் காப்பாற்றும். நீங்கள் டெஸ்டிங் ஆள் வேறு. ஊரார் கோடில் எட்ஜ் கேஸ் (வழக்கத்துக்கு மாறான விளிம்பு நிலை) தேடிச் சம்பளம் வாங்குகிறவர், சொந்தக் கோடில் ஏன் தேடுவதில்லை?

கணக்கின் அடியில் கிடக்கும் வரம்புகளையும் படியுங்கள். 1 லட்சம் எண்கள் என்றால் லூப்புக்குள் லூப் 1000 கோடி தடவை சுற்றும். சி பிளஸ் பிளஸே விநாடிக்குச் சுமார் 10 கோடி எளிய வேலைதான் செய்யும். பைத்தான் அதற்கும் வெகு கீழே. சார்ட் செய்தால், அதாவது வரிசைப்படுத்தினால், ஏறக்குறைய 17 லட்சத்தோடு முடிந்துவிடும். வரம்பே 20 என்றால் எல்லாச் சேர்க்கைகளையும் முயன்றாலும் 10 லட்சத்துச் சொச்சம்தான், தைரியமாக முயலலாம்.

ஆன்லைன் டெஸ்டில் பல இடங்களில் பாஸான டெஸ்ட் கேஸுக்கு மார்க் உண்டு. எல்லாவற்றையும் முயன்று பார்க்கும் ப்ரூட் ஃபோர்ஸையாவது முதலில் சப்மிட் செய்துவிடுங்கள். எதிரே ஆள் இருந்தால் அதையே வாய்விட்டுச் சொல்லுங்கள். இங்கிலீஷ் தடுக்கினால் தடுக்கட்டும், மௌனம்தான் ஆகாது.

இந்த வாரம் புதுக் கணக்கு எதுவும் வேண்டாம். பழையதில் பத்தை எடுத்து, எந்த முறை என்று காட்டும் டேக்கை மறைத்து, டைமர் வைத்து, நோட்பேடில் எழுதுங்கள், சத்தமாகப் பேசிக்கொண்டே. பையனுக்கு என்னவோ ஆயிற்று என்று வீட்டில் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.