அவுட்லா கன்ட்ரி: ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கிராமிய மெட்டுகளிலிருந்து வளர்ந்த கன்ட்ரி இசையின் பாடகர் வேலன் ஜென்னிங்ஸ். நீங்கள் பரிந்துரைத்த அவருடைய 'ஹாங்கி டாங்க் ஹீரோஸ்' ஆல்பத்தை மூன்று முறை கேட்டேன். பிடித்திருக்கிறது. ஆனால் 'அவுட்லா', சட்டத்துக்கு வெளியே நிற்பவன், என்று சொல்லும்படி அதில் என்ன இருக்கிறது? குடி, ஊர்சுற்றல், கைவிட்டுப் போன காதல். எல்லா கன்ட்ரி பாடகர்களும் பாடுவதுதானே? தாடியையும் தொப்பியையும் காட்டிச் செய்த வியாபாரமோ என்று தோன்றுகிறது.

கே., ஈரோடு

அன்புள்ள கே.,

வியாபாரம் என்பதில் பாதி உண்மை. கன்ட்ரி இசைத் தொழிலின் தலைநகரான நாஷ்வில்லில், பாடகர் டாம்பால் கிளேசரின் ஒலிப்பதிவுக்கூடத்துக்கு விளம்பரப் பணி பார்த்த ஹேசல் ஸ்மித்தான் 'அவுட்லா' என்ற சொல்லைப் புழக்கத்தில் விட்டவர். 1976இல் ஆர்சிஏ இசைத்தட்டு நிறுவனம் கையிருப்பில் இருந்த பதிவுகளைத் திரட்டி அந்தச் சொல்லைத் தலைப்பில் வைத்து வெளியிட்டது. பத்து லட்சம் பிரதி விற்றதற்கான பிளாட்டினம் சான்று பெற்ற முதல் கன்ட்ரி ஆல்பம் அதுதான்.

ஆனால் நீங்கள் பாடல் வரிகளில் தேடியிருக்கிறீர்கள். அங்கே கிடைக்காது. டிரம்ஸில் தேடுங்கள்.

1964 வாக்கில் ஜென்னிங்ஸ் அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் வட்டாரத்துப் பாடகர். 'ஜேடிஸ்' என்ற கேளிக்கை விடுதியில் 'வேலர்ஸ்' என்ற தன் குழுவோடு இரவுதோறும் வாசித்தார். மாடு மேய்ப்பவர்களும் கல்லூரி மாணவர்களும் ஒரே தளத்தில் ஆட வேண்டும். அதற்கேற்ற தாளம் வேண்டும். அந்தக் கூட்டம்தான் குழுவைப் பழக்கியது. பிறகு ஆர்சிஏ ஒப்பந்தம் வந்தது, நாஷ்வில் வந்தது. அங்கே வழக்கம் வேறு. பாடகர் வந்து பாடிவிட்டுப் போக வேண்டும். வாசிப்பது பெரும்பாலும் கூடத்தின் ஆஸ்தான கலைஞர்கள். வயலின் வரிசையும் கோரஸும் மேலே பூசப்படும். ஊர் ஊராகக் கூடவே பஸ்ஸில் வந்த குழுவுக்கு இசைத்தட்டில் உரிய இடமில்லை. எனக்கு இது சமைத்தவரைத் திண்ணையில் உட்காரவைத்துவிட்டு ஊருக்கு விருந்து போடுவதுபோல.

1972இல் உடல்நலம் கெட்டு, கடனும் சேர்ந்து, ஜென்னிங்ஸ் எல்லாவற்றையும் விட்டுவிடும் நிலையில் இருந்தார். ராக் இசைக்காரர்கள் தங்கள் பதிவுகளைத் தாங்களே ஆள்கிறார்கள், அந்த வழியைப் பார்ப்போம் என்று வற்புறுத்தியவர் அவருடைய டிரம்மர் ரிச்சி ஆல்பிரைட். புதிய ஒப்பந்தம் வந்தது. மறு வருடம் நீங்கள் கேட்ட ஆல்பம். ஒன்று தவிர மற்ற பாடல்களில் எல்லாம் பாடலாசிரியர் பில்லி ஜோ ஷேவரின் பங்கு உண்டு. கலகம் என்றால் இவ்வளவுதான்: தன் ஆட்களோடு தன் ஒலியைப் பதிவு செய்யும் உரிமை.

அந்த ஒலியின் உயிர் எனக்கு ரால்ஃப் மூனியின் பெடல் ஸ்டீல் கிடார். கிடாரைப் படுக்கவைத்துக் கால்கள் பொருத்தியதுபோல் இருக்கும் கருவி. இடக்கை ஓர் இரும்புத் துண்டைத் தந்திகளின் மேல் நகர்த்தும், கோட்டுவாத்தியத்தில் கட்டை நகர்வதுபோல. கூடவே கால் பெடலை அழுத்தினால் ஒரு தந்தி மட்டும் முறுக்கேறும். பக்கத்துத் தந்தி அசையாமல் நிற்கும். ஒரு சுரம் நிற்க இன்னொன்று ஏறிவந்து சேரும் அந்த இடம்தான் பலர் அழுகை என்று சொல்வது. மூனி அங்கே அழுவதில்லை. சீண்டுகிறார். சுருக்கமாக, கூர்மையாக, பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் நுழைந்து வெளியேறிவிடுகிறார். கீழே ஆல்பிரைட்டின் கால் பேஸ் டிரம்மை விடாமல் மிதித்துக்கொண்டிருக்கும்.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. கன்ட்ரி பாடகர் ரே பிரைஸ் 1956இல் பாடிப் பெரும்புகழ் பெற்ற 'கிரேஸி ஆர்ம்ஸ்' பாடலை எழுதியவர்களில் ஒருவர் இதே மூனி. டெக்சாஸ், ஓக்லஹோமா எண்ணெய் ஊர்களின் மதுக்கூடச் சத்தத்தை மீறிக் கேட்பதற்காக மின்சாரம் ஏற்றிக்கொண்டு வளர்ந்த இசை ஹாங்கி டாங்க். அதன் மூத்த கை அவர். நாஷ்வில்லின் வயலின்கள்தான் பின்னால் வந்த புதுமை.

அடுத்து 'வேலன் லைவ்' கேளுங்கள். 1974இல் டல்லஸிலும் ஆஸ்டினிலும் மேடையில் பதிவானது. ஹெட்ஃபோன் வேண்டாம்; பெரிய ஸ்பீக்கரில், பக்கத்து வீட்டார் ஊருக்குப் போயிருக்கும் நாளாகப் பார்த்து.