உயர்கல்வியின் கதவு யாருக்குத் திறக்கிறது? கேள்வி பதில்

கல்லூரியில் முதலாண்டு படிக்கும் மாணவி: கட்டணத்தை அடியோடு நீக்கிவிட்டால் எளிய குடும்பத்துப் பிள்ளைகள் தாமாகவே வந்துவிட மாட்டார்களா?

பதில்: கட்டணம் நீங்கினால் மட்டும் போதாது. இடங்கள் குறைவாக இருந்து போட்டி கடுமையாக இருந்தால், நல்ல பள்ளிப் படிப்பும் தனிப்பயிற்சியும் பெற்றவர்களே அந்த இலவச இடங்களையும் பிடித்துக்கொள்வார்கள். பிரேசிலின் மத்திய அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணமே கிடையாது. இருந்தும் மருத்துவம் போன்ற படிப்புகளில் நெடுங்காலம் தனியார் பள்ளிகளில் படித்தவர்களின் கையே ஓங்கியிருந்தது. பாதி இடங்களை அரசுப் பள்ளி மாணவர்களுக்கு ஒதுக்கி, அதற்குள் வருமானத்துக்கும் இனத்துக்கும் உள் ஒதுக்கீடு தந்த 2012ஆம் ஆண்டுச் சட்டம்தான் அந்த நிலையை அசைத்தது.

பள்ளி ஆசிரியர்: உதவித்தொகை இருந்தும் என் மாணவர்களில் பலர் விண்ணப்பிப்பதே இல்லை, ஐயா. இதை அவர்களின் அக்கறையின்மை என்று கொள்ளலாமா?

பதில்: கொள்ளக்கூடாது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம், நன்றாகப் படிக்கும், குறைந்த வருமானக் குடும்பங்களைச் சேர்ந்த பள்ளி மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு, இடம் கிடைத்தால் நான்கு ஆண்டுகளுக்கும் கட்டணம் இல்லை என்று உறுதியளித்து ஒரு கடிதம் அனுப்பிப் பார்த்தது. அவர்களின் பெற்றோருக்கும் பள்ளி முதல்வர்களுக்கும் தனித்தனியே தெரிவித்தது. கடிதம் பெறாதவர்களில் 26 விழுக்காட்டினர் விண்ணப்பித்தார்கள். பெற்றவர்களில் 68 விழுக்காட்டினர். சேர்ந்தவர்களின் பங்கும் 12 விழுக்காட்டிலிருந்து 27 ஆனது. இவர்களில் பெரும்பாலோர் வழக்கமான வழியில் விண்ணப்பித்திருந்தாலும் ஏறக்குறைய அதே உதவியைப் பெற்றிருப்பார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. வழக்கமான வழியில் நீண்ட படிவங்களை நிரப்பி, சேர்க்கை முடிவான பிறகே எவ்வளவு கிடைக்கும் என்று அறிய முடியும். கைப்பணம் இல்லாத குடும்பம் அந்த நிச்சயமின்மையை நம்பிக் காலை வைக்காது. அது முன்யோசனையே தவிர அக்கறையின்மை அன்று. எந்தத் திட்டத்தையும் மதிப்பிடும்போது, தொகை எவ்வளவு என்பதோடு அது எப்போது, எத்தனை உறுதியாகத் தெரிகிறது என்பதையும் கேளுங்கள்.

ஒரு தந்தை: கல்விக்கடன் நல்ல வழியா?

பதில்: திருப்பிச் செலுத்தும் விதத்தைப் பொறுத்தது. ஆஸ்திரேலியாவில் 1989 முதல், வருமானம் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டிய பிறகே வரியோடு சேர்த்துத் தவணை பிடிக்கிறார்கள். வேலை போனால் தவணையும் நின்றுவிடும். ஆனால் பெரும்பாலோரின் வருமானம் வரித்துறையின் கண்ணில் படாத நாடுகளில் இந்த முறையை அப்படியே நடத்துவது கடினம்.

தன்னார்வலர்: சான்றிதழ்களை இழந்துவிட்டு வரும் அகதிகள் என்ன செய்வார்கள்?

பதில்: யுனெஸ்கோவில் 2019இல் ஏற்கப்பட்டு 2023இல் நடைமுறைக்கு வந்த, ஒரு நாட்டின் உயர்கல்வித் தகுதிகளை மற்ற நாடுகள் ஏற்பது பற்றிய உலகளாவிய உடன்படிக்கை, முழு ஆவணங்கள் இல்லாத அகதிகளின் படிப்பையும் மதிப்பிட நியாயமான வழிமுறை வேண்டும் என்கிறது. இது ஏற்புறுதி அளித்த நாடுகளை மட்டுமே கட்டுப்படுத்தும் என்பதால், நீங்கள் உதவும் மாணவர் இருக்கும் நாடு அந்தப் பட்டியலில் உள்ளதா என்பதை முதலில் பாருங்கள்; இருந்தால், விண்ணப்பத்திலேயே அதைச் சுட்டிக்காட்டி, நேர்காணல் வழியாகவோ தேர்வு வழியாகவோ மதிப்பிடும்படி எழுதிக் கேளுங்கள்.